பின்னால் ஓடுகிறவள்

"சார், அந்தப் பிள்ளைய என் பின்னாடி ஓட விடாதீங்க. இல்லேன்னா குரூப்பை விட்டே எடுத்துருங்க."

பெசன்ட் நகர் கடற்கரையில், ஞாயிற்றுக்கிழமை ஓட்டக் குழுவின் தலைவர் சித்தார்த்தனிடம் பொரிந்து தள்ளினாள் ஸ்வர்ணலதா. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவள். கடை ஆட்களை மேய்க்கிற குரல் கடற்கரையிலும் இறங்குவதில்லை.

"யாரு, அன்புச்செல்வியா? என்ன மேடம் பண்ணாங்க?"

"தானும் ஓட மாட்டேங்கா, என்னையும் ஓட விட மாட்டேங்கா. 'அக்கா, முகூர்த்தப் பட்டு இன்னா விலை வரும்? அக்கா, மாம்பழ மஞ்சள் எனக்கு எடுக்குமா?'ன்னு வழியெல்லாம் ஒரே கேள்வி. ஓட வந்தாளா, புடவை எடுக்க வந்தாளா?"

"நீங்க பதில் சொல்லாம ஓடிடலாமே?"

"அதெப்படி சார்? கல்யாணப் பட்டு எடுக்கப் போறவளை விட முடியுமா?"

ஸ்வர்ணலதா ஓட வந்த கதை சின்னது. சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. "நடங்க, ஓடுங்க, என்னவாவது பண்ணுங்க. குறையலேன்னா இன்சுலின் ஊசிதான்" என்றார் டாக்டர். ஊசி என்ற வார்த்தைக்கே மயங்கி விழுகிற ரகம் அவள். அன்று மாலையே ஷூ வாங்கிவிட்டாள்.

இந்தக் குழுவில் ஒரு வழக்கம். கடைசியாக வந்து சேர்பவருக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். உற்சாகப்படுத்துகிறார்களாம். ஸ்வர்ணலதாவுக்கு அது துக்கம் விசாரிப்பது போலத்தான் பட்டது. முதல் நாளே அறிவித்துவிட்டாள்.

"எனக்கு மட்டும் யாராவது கைதட்டினீங்க, ஷூவைக் கழட்டிப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டேன்."

அந்த அவமானம் அவளுக்கு வரவே இல்லை. வாராவாரம் கொட்டிவாக்கத்து அன்புச்செல்வி நாலடி பின்னால் வந்து கடைசி இடத்தை வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கைதட்டுவதில் ஸ்வர்ணலதாதான் முதல் ஆள். ரொம்பப் பெரிய மனசு!

புகாரைக் கேட்டு முடித்த சித்தார்த்தன், தூரத்தில் நின்ற அன்புச்செல்வியை ஒருமுறை பார்த்தார்.

"சரி மேடம். அடுத்த வாரம் அவங்க உங்க பின்னாடி வர மாட்டாங்க."

அடுத்த ஞாயிறு. தொல்லை விட்டது என்று ஸ்வர்ணலதா புறப்பட்ட வேகம் இருக்கிறதே, ஆடித் தள்ளுபடிக்கு ஷட்டரைத் தூக்கியதும் உள்ளே பாய்கிற கூட்டம் தோற்றது. வழக்கமாக முன்னால் போகிறவர்களில் ஏழெட்டுப் பேரைத் தாண்டினாள். திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

அந்தச் சிரிப்பு அடுத்த திருப்பம் வரைக்கும்தான் வந்தது. மூச்சு அடைத்தது. விலா குத்தியது. அவள் தாண்டிய ஒவ்வொருவரும் "மெதுவா வாங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டே கடந்து போனார்கள். விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாருமே இல்லை.

ஒருவழியாக அவள் வந்து சேர்ந்தபோது, எல்லோரும் பழக்க தோஷத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அழுகை வந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்தாள். இந்த மானக்கேட்டுக்கு ஊசியே தேவலை என்று தோன்றியது.

அன்புச்செல்வி இளநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் வியர்வை எப்போதோ காய்ந்திருந்தது.

"நீ எப்ப வந்தே?"

"இன்னிக்கு இவங்கதான் மேடம் ஃபர்ஸ்ட்" என்றார் சித்தார்த்தன். "நீங்க குரூப்ல சேர்ற வரைக்கும் எப்பவுமே இவங்கதான் ஃபர்ஸ்ட்."

ஸ்வர்ணலதாவின் கை லேஸிலேயே நின்றுவிட்டது. அன்புச்செல்வி பக்கம் திரும்பினாள்.

"உனக்குக் கல்யாணம் எப்ப பிள்ள?"

"எனக்கா? என் ரெண்டாவது பையன் எல்.கே.ஜி. போய்க்கினு இருக்கான்க்கா."

"அப்போ அந்த முகூர்த்தப் பட்டு?"

அன்புச்செல்வி இளநீரை அவள் கையில் திணித்தாள்.

"இன்னாக்கா பண்றது? பட்டுன்னு கேட்டாதான் நீங்க பேசுறீங்க. பேசிக்கினே வந்தாதான் மூச்சு வாங்காம முழுசும் ஓடுறீங்க."