பன்மை விகுதி

“இதுல ‘கைகள்’னு இருக்கு சார். ‘கை’ன்னு மாத்தணும்.”

முதலாளி நிமிரவில்லை. இந்த அறையில் அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். இவரும் சொல்லியிருந்தார். வீட்டிலும் சொல்லியிருந்தார்கள்.

நகராட்சியின் குப்பை அள்ளும் ஒப்பந்தம். மூன்று மணிக்குள் டெண்டர் இணையத்தில் போய்ச் சேர வேண்டும். மணி இரண்டு நாற்பது.

அச்செடுத்த நகல் மேசையில் கிடந்தது. எழுபத்திரண்டு பக்கம். முன்பெல்லாம் இதை எழுத மூன்று பேர் ஒரு வாரம் முதுகு ஒடிய உட்காருவார்கள். இப்போது ஏஐ மென்பொருள். அலுவலகத்தில் அதற்குப் புது மாப்பிள்ளை என்று பெயர். என்ன கேட்டாலும் சிரித்த முகமாகச் சரி என்றுதான் சொல்லும். பழைய கோப்புகளை ஸ்கேன் செய்து உள்ளே தள்ளினால் போதும், நகராட்சியின் அத்தனை கேள்விக்கும் அதுவே பதில் எழுதிவிடும்.

தள்ளியது அவள்தான். அந்த அலுவலகத்தில் பட்டம் வாங்கிய ஒரே ஆள். அவள் வீட்டிலும் அப்படித்தான்.

பதினோராம் கேள்வி, உங்களிடம் உள்ள அனுபவம் மிக்க பணியாளர் யார் என்பது.

மாப்பிள்ளை வருகைப் பதிவேடுகளைத் துழாவி ஒரு பெண்ணைக் கண்டுபிடித்திருந்தது. குப்பை லாரியில் வேலை. பதினாறு வருடம். ஒருநாள்கூட விடுப்பு இல்லை. அதோடு விட்டிருக்கலாம். ‘நகரைத் தினமும் விடியவைக்கும் தேர்ந்த கைகள்’ என்று தலைப்பு வேறு கொடுத்திருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, லாரியின் பின்புறம் குப்பையை நசுக்கும் இரும்புத் தட்டு இறங்கியபோது அந்தப் பெண்ணின் வலது கை உள்ளே இருந்தது.

மருத்துவமனையில், வீட்டில் நடந்தது என்று எழுதிக் கொடுத்தார்கள். பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்தால் காரணம் எழுத வேண்டியிருக்கும். அதனால் எடுக்கவில்லை. மேஸ்திரி இன்றைக்கும் அந்தப் பெயருக்கு நேராக டிக் போட்டுக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை அந்த டிக்குகளை எண்ணிப் பார்த்து அசந்துபோயிருந்தது.

“கவிதை மாதிரில்ல இருக்கு,” என்றார் முதலாளி. “இதுக்கே பத்து மார்க் போடுவான். விடும்மா.”

“பதினாலாவது கேள்வியும் இருக்கு சார். விபத்து ஏதாவது நடந்திருக்கான்னு கேட்டிருக்காங்க. ‘இல்லை’ன்னு எழுதியிருக்கு. ‘ஆம்’னு போடணும்.”

இப்போதுதான் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. பாவம் பார்க்கிற முகம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“கம்ப்யூட்டரே இல்லைங்குது, நீ ஆமாங்கற. நாலு எழுத்து படிச்சா இதான் தொல்லை.”

“நாம குடுத்தது மட்டும்தான் சார் அதுக்குத் தெரியும்.”

“ஆமான்னு போட்டா கான்ட்ராக்ட் கையை விட்டுப் போயிடும்மா.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. மேசையில் இருந்த பேனாவை நேராக்கினார்.

குரலைத் தாழ்த்தினார். “முப்பது குடும்பம் சாப்பிடுது இதுல. உன் குடும்பமும்தான். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கு உங்கம்மா என்ன கேட்டாங்க? எம்பொண்ணுக்கு ஒரு நாற்காலி குடுங்கன்னாங்க. குடுத்தேனா இல்லையா?”

கொடுத்தார். முதுகு சாய்கிற நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி.

காலையில் அம்மா இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, தினமும் சொல்வதைத்தான் சொன்னாள். போனோமா வந்தோமான்னு இரு, அங்க வாயைத் திறக்காதே.

திறந்தாகிவிட்டது. ‘சரி, மாத்திடு’ என்று இவர் சொல்லிவிடுவார் என அவளுக்குள் ஒரு மூலையில் நப்பாசை இருந்திருக்கிறது. அவர்மேல் வந்ததைவிட அந்த நப்பாசையின்மேல்தான் அவளுக்கு எரிச்சல் வந்தது.

தன் மேசைக்குப் போனாள். டிராயரைத் திறந்து அவருடைய மின்கையெழுத்துச் சாவியை எடுத்தாள். பார்க்கப் பென்டிரைவ் மாதிரி, ஒரு விரல் நீளம்; கணினியில் செருகினால் டெண்டரில் அவர் கையெழுத்து விழுந்துவிடும். அது எப்போதும் அவளிடம்தான் கிடக்கும். கையெழுத்துப் போடுவதுகூட அவருக்கு ஒரு வேலை. எந்த டெண்டரையும் அவர் கடைசிவரை படித்ததில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்பார், அவ்வளவுதான்.

சாவியை அவர் முன்னால் வைத்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாற்காலியை மேசைக்கடியில் தள்ளிவிட்டு நடந்தாள்.

வாசலைத் தாண்டும்போது அந்த ஒரே கேள்வி பின்னாலேயே வந்தது.

“ஏம்மா, கோவத்துல கோட்டை விட்டுடாதே. டெண்டர் அனுப்பியாச்சா?”

“பதினோரு மணிக்கே அனுப்பிட்டேன் சார். இனிமே திருத்த முடியாது.”

“அப்பாடா,” என்று நாற்காலியில் சாய்ந்தார். “வாய்தான் கொஞ்சம் நீளம். வேலைன்னு வந்துட்டா கெட்டி. நாளைக்குக் கோவம் ஆறினதும் வா.”

அவள் படியிறங்கினாள்.

அவர் மேசையில் கிடந்தது நேற்று எடுத்த நகல். காலையில் போனதில் ‘கள்’ இல்லை. பதினாலாம் கேள்வியில் ‘இல்லை’யும் இல்லை.