ரிப்பன் கத்தரியும் பிரிக்காத பெட்டியும்

கம்ப்யூட்டர் சில்லு தயாரிக்கும் ஆலை ஒன்றில், இன்னும் பெட்டியே பிரிக்கப்படாமல் கிடந்த புது மெஷின், திறப்பு விழா முடிந்து திரும்பிய கத்தரிக்கோலைப் பார்த்து எரிந்து விழுந்தது.

"இன்னிக்கும் கட்டிடம்தானா?"

"நாலாவது கட்டிடம் அண்ணே! போட்டிக் கம்பெனியை அடுத்த வருஷமே முந்திடுவோம்னு முதலாளி மேடையில சொன்னாரு. என்னா கைதட்டல்!"

"அவன் அங்கே ராவும் பகலும் சில்லு செஞ்சு தள்ளுறான். இங்கே இருக்கிறதே நான் ஒரு மெஷின், என்னை வெளியே எடுக்க ஒருத்தனுக்கும் நேரமில்லை. எதை வச்சுடா முந்துவீங்க? சரி, நீயாவது இந்தப் பெட்டியைச் சுத்தியிருக்கிற பட்டையை வெட்டி விடு."

கத்தரிக்கோல் பதறிப்போய்ப் பின்வாங்கியது.

"ஐயோ, முனை மழுங்கிடும் அண்ணே! வர்ற வெள்ளிக்கிழமை அஞ்சாவது கட்டிடம் திறக்கணுமே!"