பாலில்லாத டீ

டாக்டர் கம்ப்யூட்டர் திரையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

“தைராய்டு மாத்திரையை நிறுத்திட்டீங்க இல்லையா?”

“நிறுத்திட்டேன் டாக்டர். நீங்க சொன்ன அன்னிக்கே.”

“அப்படித் தெரியலையே. ரத்தத்துல மாத்திரை நல்லாவே வேலை செஞ்சிட்டிருக்கு. இந்த நிலைமையில ஸ்கேன் எடுத்தா, உள்ள ஏதாவது மிச்சம் இருந்தாலும் காட்டாது.”

பக்கத்து நாற்காலியில் அவள் கணவன். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பாதி வழியில் மாட்டிக்கொண்டு உள்ளே ஆட்கள் அலறும்போதுகூட பதறாமல் வேலை பார்ப்பவன். இப்போது அவன் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போன வருடம் அவள் கழுத்திலிருந்த புற்றுக்கட்டியைத் தைராய்டோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் ஒரு மாத்திரை. புற்று எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டுமானால், அந்த மாத்திரையைச் சில வாரங்கள் நிறுத்தியாக வேண்டும். அயோடின் உப்பு, பால், முட்டை, மீன் எதையும் தொடக் கூடாது.

“என் கண்ணுல படாம எங்கேயாவது வெச்சிருங்க” என்று மாத்திரை டப்பாவை அவள்தான் அவனிடம் கொடுத்தாள். அவன் அதை டூல் பைக்குள் போட்டுக்கொண்டான்.

முதலில் குளிர் வந்தது. ஊரே வேர்த்து வழிந்தபோது அவள் ஸ்வெட்டரும் சாக்ஸுமாக உட்கார்ந்திருந்தாள். அப்புறம் முகம் வீங்கியது. காலையில் அவன் சொன்ன ஜோக்குக்குச் சாயங்காலம் சிரித்தாள். அதையே ஒரு ஜோக்காக்கி இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிறகு குரல் போனது. சிரிப்பும் நின்றது.

அவள் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த பஸ் எந்த நடைமேடையில் என்று அவள் சொல்லிவிட்டால், கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் நகரும். அந்தக் குரல் கட்டையானது. நாக்கு தடித்தது. ஒரு நாள் ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்லிவிட்டாள். பெட்டியும் படுக்கையுமாக அத்தனை பேரும் வேறு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள்.

மேலதிகாரி திட்டவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி லீவு கொடுத்து அனுப்பினார். திட்டியிருந்தால் தேவலாம் என்று அவளுக்கு இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவன் வேலை முடிந்து வந்தபோது, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் சாக்ஸ். இன்னொரு சாக்ஸ் கையில்.

“இதைப் போட்டுட்டிருந்தேனா, கழட்டிட்டிருந்தேனா?” என்று கேட்டுவிட்டு அழுதாள்.

மறுநாள் காலை அவளுக்குப் பாலில்லாத டீ போடும்போது அவன் டூல் பையைத் திறந்தான்.

மிளகு அளவுகூட இல்லை அந்த மாத்திரை. ஸ்பூனால் நசுக்கிக் கலக்கியதும் இருந்த இடம் தெரியவில்லை. இன்றைக்கு மட்டும் என்றுதான் நினைத்தான். அடுத்த நாளும் அப்படியேதான் நினைத்தான்.

போகப் போக அவள் முகத்தில் வீக்கம் வடிந்தது. ஜோக்கை அவன் முடிப்பதற்குள்ளேயே சிரித்தாள். “உடம்பு பழகிடுச்சு போல” என்றாள். அவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, “ஆமா, பழகியிருக்கும்” என்றான்.

டாக்டர் மறுபடி பொறுமையாகக் கேட்டார். “ஞாபக மறதியில போட்டிருப்பீங்களோ?”

அவன் தொண்டையைச் செருமினான். சொல்லிவிட வேண்டும். உள்ளே ஏதாவது மிச்சம் இருந்தால், அது வளர அவகாசம் கொடுத்தவன் அவன்தான். அவள் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் செய்ததாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். யாருக்குச் சகிக்கவில்லை? அவளா கேட்டாள்?

“டாக்டர், அது வந்து…”

“நான்தான் போட்டுக்கிட்டேன் டாக்டர்” என்றாள் அவள். “முடியலை. மன்னிச்சிருங்க.”

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. பலர் அப்படிச் செய்வதுதான் என்றார். மாத்திரையை மறுபடி முதலிலிருந்து நிறுத்த வேண்டும். ஸ்கேன் தள்ளிப்போயிற்று.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே ஒருவர் சக்கர நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் விழித்துவிடக் கூடாது என்பதுபோல அவன் தணிந்த குரலில் பேசினான்.

“நீ எங்க போட்டுக்கிட்டே? நான்தான்… டீயில…”

“தெரியும்.”

அவன் திரும்பினான்.

“மொதல் நாளே பார்த்துட்டேன். சமையக்கட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன்.”

“தெரிஞ்சுமா குடிச்சே?”

“ஒவ்வொரு நாளும் நீங்க டம்ளரை நீட்டும்போது முகத்தைப் பார்ப்பேன். திருடன் மாதிரி நிப்பீங்க. இன்னிக்குச் சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வரும். அப்புறம் குடிச்சிட்டு, சக்கரை கம்மின்னு சொல்லிடுவேன்.”

“ஏம்மா?”

ஸ்கேன் அறைக் கதவு திறந்து, நர்ஸ் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டு, அவர் உள்ளே போய், கதவு சாத்திக்கொள்ளும்வரை அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குடிக்காம இருந்திருந்தா, இன்னிக்கு ஸ்கேன் எடுத்திருப்பாங்கல்ல” என்றாள். “எடுத்தா, தெரிஞ்சு போயிடுமேங்க.”