பூப்போடாத கண்ணாடி

எதிர் வீட்டில் தட்டு வைக்கும்போதுதான், தனியாகக் குடியிருக்கும் தமயந்தியும் தனக்குத் தட்டு வைப்பாள். அந்தக் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டே சாப்பிடுவதைச் சன்னல் வழியே பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். ஒருநாள் அந்தக் கணவர் வந்து வாசலிலேயே நின்றார். “தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க பாக்கிறது எங்க வீட்ல அவளுக்குச் சங்கடமா இருக்கு.” தமயந்திக்குக் காது மடல் சுட்டது. மறுநாளே சன்னல் கண்ணாடியை மங்கலாக்க, கண்ணாடி வேலை செய்பவரை வரவழைத்தாள்.

“நடுவுல ஒரு பூங்கொத்து விடட்டுமாம்மா? ஸ்டிக்கர் ஒட்டின இடத்தை அமிலம் தொடாது. அது மட்டும் பளிச்சுனு தெரியும்.”

“எதுவும் தெரிய வேண்டாம்.”

அவர் உட்பக்கம் முழுக்க அமிலப் பசையைத் தடவி, ஊறவிட்டுக் கழுவினார். காயக் காயச் சன்னல் பாலாக வெளுத்தது.

அன்று எதிர் வீட்டு விளக்கு வெறும் மஞ்சள் கறையாகத்தான் தெரிந்தது. தமயந்திக்கு இரண்டு வாய்க்கு மேல் முடியவில்லை. கை கழுவிவிட்டு வந்தவள், தன்னையறியாமல் ஈரக் கையைக் கண்ணாடியில் வைத்தாள். ஈரம் பட்ட இடம் தெளிந்தது. எதிரே கணவர் மட்டும் மேசையில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி தட்டைக் கையில் ஏந்தியபடி சன்னலோரம் நின்று, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தமயந்தி கையை அசைப்பதற்குள் ஈரம் காய்ந்துவிட்டது.