நடந்து வந்த கொட்டகை

தன் வாடை மான்களுக்குத் தெரியக் கூடாது என்று வேட்டைக்காரன் சடையன் வேப்பஞ்சருகில் மூட்டம் போட்டான். சட்டை, தலைமுடி, துப்பாக்கி எல்லாவற்றுக்கும் புகை காட்டிவிட்டுக் காட்டுக்குள் நுழைந்தான்.

ஓடைக்கரையில் இரண்டு மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. சின்னது மூக்கைத் தூக்கியது. "மதினி, மனுச வாடை இல்ல. வெறும் புகைதான். பயப்படாம மேயலாம்."

மதினி மான் மோந்து பார்த்தது. "வேப்பம்புகை. ஊர்ப்பக்கம் மேயப் போனப்ப மோந்திருக்கேன். மாட்டுக்கொட்டகையில கொசுவுக்குப் போடுற மூட்டம்."

"அப்ப பக்கத்துல கொட்டகை இருக்கும்."

"இருக்கட்டும். ஆனா வாடை வரவரக் கூடுதே. கொட்டகை நம்மளப் பார்த்து நடந்தா வருது?"

சின்னது மென்றுகொண்டிருந்த புல்லைத் துப்பியது. "நடக்கிற கொட்டகையை நான் பார்த்ததே இல்ல மதினி. இருந்து பார்த்துட்டுப் போவோமா?"

"அக்கரையில நின்னு பார்ப்போம் வா," என்று மதினி ஓடையைத் தாண்டியது. சின்னதும் பின்னாலேயே தாவியது.

சடையன் பொழுது சாயும்வரை இக்கரைப் புதருக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

வெறுங்கையோடு வந்தவனைப் பார்த்து, "புகை வேலை செஞ்சுதா?" என்று மனைவி கேட்டாள்.

"செய்யாம? ஒரு கொசுகூடக் கிட்ட வரல," என்றான் பெருமையாக.