பயமுறுத்தாத வகுப்பு

தூத்துக்குடியில் வகுப்புக் கருவியின் உறை மாட்டிய ஜெசிந்தாவின் கை எப்படி அசைகிறதோ, அப்படியே கீழக்கரையில் அதேபோல் உறை மாட்டிய முபீனாவின் கையும் அசையும். பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாளான அவளுக்குப் பால் சுரக்க மார்பை நீவிவிடும் முறையை நர்ஸ் ஜெசிந்தா அப்படித்தான் கற்றுக்கொடுத்தாள்.

கடைசிப் பாடத்தில், முபீனாவின் விரல் தொடுவதையெல்லாம் உணரும் ஜெசிந்தாவின் விரலுக்கடியில் ஏதோ தட்டுப்பட்டது. பால்கட்டு நீவ நீவ இளகும். இது கல்லாக, இடம்விட்டு நகராமல் இருந்தது.

"இது பால்கட்டு மாதிரி தெரியலம்மா. இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டு."

தாய் பயந்தால் பால் வற்றிவிடுமாம். அதனால் நர்ஸ் பேச்சில் பயமுறுத்தும் எதையும் வகுப்புக் கருவி மாற்றிவிடும். "ரொம்ப நல்லா செய்றம்மா" என்றுதான் முபீனாவுக்குக் கேட்டது.

"சந்தோசம் சிஸ்டர்" என்றாள் அவள்.

ஜெசிந்தா கத்தினாள், கெஞ்சினாள், சுற்றிவளைத்தும் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் பாராட்டாகவே போய்ச் சேர்ந்தது. பாடம் முடிய இரண்டே நிமிடம். தாய்மாரின் முகவரியோ போன் நம்பரோ நர்ஸுக்குத் தருவதில்லை; அதன்பின் முபீனாவை எங்கே போய்த் தேடுவது?

பேச்சை நிறுத்திவிட்டு, முபீனாவின் விரல்களை அந்த இடத்திலேயே அழுத்திப் பிடித்தாள்.

"வலிக்குது சிஸ்டர், விடுங்க."

அவள் விடவில்லை.

முபீனா மெதுவாகக் கேட்டாள்: "வாய் நல்லாருக்குன்னு சொல்லுது. கை ஏன் அந்த இடத்த விடமாட்டேங்குது? ஆஸ்பத்திரிக்குப் போகணுமா? ஆமான்னா இறுக்குங்க."

ஜெசிந்தா இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இறுக்கினாள்.

"உம்மா, ஆட்டோவக் கூப்பிடுங்க!" என்று முபீனா வீட்டுக்குள் குரல் கொடுத்ததோடு தொடர்பு அறுந்தது.