ரெத்தினத்தின் ரிப்போர்ட்

ரெத்தினம் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தான். வயலுக்கு அறுப்பு மெஷின் வந்து கூலி வேலை போன பிறகு, எட்டு வருஷமாக இந்த ஆலையில் பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்குகிறவன். விசாரணை நாளிலாவது மனுஷன் ஒழுங்காக வந்திருக்கலாம்.

மேனேஜர் அண்ணாதுரை மூக்கைப் பொத்திக்கொண்டார். உள்ளுக்குள் அவருக்கு ஏக சந்தோஷம்.

"பாத்தீங்களா மேடம்? இதுக்கு மேல நான் என்ன சொல்லணும்?"

தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த தொழிற்சாலை ஆய்வாளர் ஃபஹ்மிதா ரிப்போர்ட்டைப் புரட்டினார். ரெத்தினம் பெயரில் வந்த சிறுநீர்ப் பரிசோதனை. ஈயம் அளவுக்கு மேல் இருந்தது, புரதமும் போய்க்கொண்டிருந்தது. கிட்னி பழுதாகிறது என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"இவ்வளவு ஈயம் எப்படி சார் ஏறும்?"

"மாஸ்க் குடுத்தா கழட்டி வச்சிடுவான் மேடம். கையைக் கழுவாம சாப்பிடுவான். கிட்னி போனது குடியால. நாங்க எல்லாத்தையும் முறைப்படி செய்றோம். முதல் நாளே பாட்டிலைக் குடுத்து, காலையில முதல் சிறுநீரை வீட்டுலேர்ந்து பிடிச்சிட்டு வரச் சொல்றோம். வெளியாள் ஒருத்தரையும் கேட்டுக்குள்ள விடமாட்டோம். இவன் சம்சாரமே இன்னைக்குத்தான் முதல் தடவையா உள்ள வருது."

காளியம்மாள் சுவரோரம் நின்றிருந்தாள். வீங்கிய கால் செருப்பில் நுழையாமல் வெறுங்காலோடு வந்திருந்தாள்.

"உக்காருங்கம்மா. இவர் யூனிஃபார்மை யார் துவைக்கிறாங்க?"

"நான்தாங்க. நாலு தண்ணி அலசினாலும் கறுப்பு போகாதுங்க."

"சோப்பு பத்தலம்மா" என்று சிரித்தார் அண்ணாதுரை. கையோடு ஒரு தாளை ரெத்தினம் பக்கம் நகர்த்தினார். நோய் என் குடியால் வந்தது, வைத்தியத்துக்கு ஆலையைக் கேட்கமாட்டேன், நானே வேலையை விட்டு விலகுகிறேன். அழகாக டைப் அடித்து வைத்திருந்தார்.

"கட்டாயம் இல்ல ரெத்தினம். படிச்சுப் பாத்து முடிவு பண்ணுங்க" என்றார் ஃபஹ்மிதா.

ரெத்தினம் படிக்கவில்லை. வாயைத் திறந்தாலே வாடை அடிக்கிறவன் என்னவென்று வாதாடுவான்? குனிந்த தலை நிமிராமல் பேனாவை எடுத்தான்.

காளியம்மாள் அதைப் பிடுங்கிக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"வேலை போயிடும், வெளியில சொல்லாதன்னு கெஞ்சுனீங்க. இத்தன நாளும் வாயை மூடிக்கிட்டுக் கெடந்தேன். இப்பதான் வேலையே இல்லன்னுட்டாங்களே, இனிமே எவனுக்குப் பயப்படணும்?"

"ஏம்மா, ஒம் புருஷன் குடிக்கிறதில்லன்னு சொல்லப் போறியா?"

"குடிப்பாரு. நல்லாவே குடிப்பாரு. சோதனையில சரக்கு தெரிஞ்சிடும்னு அன்னைக்குப் பயந்தும் போயிட்டாரு."

காளியம்மாள் மேனேஜரை விட்டுவிட்டு ஃபஹ்மிதாவை நேராகப் பார்த்தாள்.

"அந்தப் பாட்டில்ல இருந்தது என்னோடது மேடம். இவரோடத இனிமேதான் பாக்கணும்."